தேவானந்தம் அண்ணனின் அஸ்தமனச் சவாரி

சிட்லபாக்கத்தில் ரிட்டயர் ஆனவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஏரிக்கரையில் நடப்பார்கள். குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்து சண்டை போடுவார்கள். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிற எங்களை நிறுத்தி, "இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்கள். என் சகலை தேவானந்தம் குதிரை வாங்கினார்.

என் மனைவி பேபியின் அக்கா ஹில்டாவைக் கட்டியவர் அவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தாம்பரம் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்தவர். காட்பாடிக்கும் கௌஹாத்திக்கும் மூட்டை மூட்டையாக அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் போனதென்னவோ திருநெல்வேலிக்கு மட்டும்தான், அதுவும் யாராவது செத்தால். இளைப்பு நோய் வந்து, தொண்ணூறாம் வருஷம் வேலையை முன்னாலேயே விட்டுவிட்டார். டாக்டர் அவரை நல்ல காற்றுள்ள இடத்தில் நடக்கச் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கஷ்டமெல்லாம் வந்திருக்காது.

கூட்ஸ் ஷெட்டில் ஒரு பார்சலைச் சுற்றி வந்த வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள் ஒன்றை அவர் பல வருஷமாகப் பைபிளுக்குள் வைத்திருந்தார். அதில் ஒரு படம். பனி மூடிய மலை, வரிசையாகக் குதிரைகள், அவற்றின்மேல் வெள்ளைக்காரர்கள், பின்னால் சிவந்த வானம். பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதன்மேல் சாப்பாடு, மெழுகுவர்த்தி.

"ஜெபராஜ், இதை நாம இங்க பண்ணலாம்" என்றார்.

"எங்கண்ணே?"

"பச்சைமலையில."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பச்சைமலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாம்பரம் சானடோரியத்துக்கு எதிரே, கடப்பேரிக்குப் பின்னால் இருக்கிறது. மலை என்று சொன்னால் அதற்கே வெட்கமாக இருக்கும். அடிவாரத்தில் பற்றவைத்த பீடி அணைவதற்குள் உச்சிக்குப் போய்விடலாம். ஆடு மேய்ப்பவர்களும், வீட்டுக்குத் தெரியாமல் சிகரெட் பிடிப்பவர்களும்தான் அங்கே போவார்கள். ஆனால் மேற்கே மறைக்க ஒன்றுமில்லை. சூரியன் விழுவது தட்டில் வைத்ததுபோலத் தெரியும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

குதிரையைப் பல்லாவரத்தில் பேண்டு செட் வைத்திருந்த அரிகிருஷ்ணன் விற்றான். மாப்பிள்ளைகள் எல்லாரும் காரில் ஊர்வலம் போக ஆரம்பித்துவிட்டதால் அவனுக்குக் குதிரை பாரமாகிவிட்டது.

"ரொம்ப நல்ல ஜீவன் சார். கூட்டம், வெடி, டியூப்லைட்டு, எத்துக்கும் பயப்படாது. கொயந்த ஏறி உக்காந்தாலும் அசையாது. எங்க நிக்கணுமோ அங்க தானா நிக்கும்" என்றான்.

அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள்தான் கேட்காமல் வந்துவிட்டோம். அதுவரை சேட்டு என்று கூப்பிட்ட குதிரைக்கு அண்ணன் சாலமோன் என்று பெயர் வைத்தார்.

குதிரை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று ஹில்டா அக்கா சொல்லிவிட்டார். அதனால் கடப்பேரியில் இட்லிக்கடை வைத்திருந்த செல்லம்மாவின் கொல்லைப்புறத்தில் கொட்டகை போட்டோம். மலைமேல் இராச்சாப்பாடு சமைக்கிற பொறுப்பும் செல்லம்மாவுக்கே போயிற்று. விளக்கு, தண்ணீர்க் குடம், வாழைப்பழம் சுமக்கிற பொறுப்பு யாருக்கு வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சென்ட்ரல் கவர்ன்மெண்டில் அப்பர் டிவிஷன் கிளார்க் நான். சனிக்கிழமை சாயங்காலம் தலையில் குடத்தோடு மலை ஏறினேன்.

முதல் சவாரிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் ஒருவர் பணம் கட்டி வந்தார். குதிரைமேல் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். சாலமோன் அசையவில்லை. நான் பின்னாலிருந்து தள்ளினேன். சுவரைத் தள்ளியது போலிருந்தது. கடைசியில் செல்லம்மா கரண்டியோடு வெளியே வந்து குதிரையின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"சார், இது கண்ணாலத்துக் குதிரை. ஆலம் சுத்தாம எப்டி போவும்? அது பாட்டுக்கு வெய்ட் பண்ணிகினு கீது."

ஒரு தட்டில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, சூடம் ஏற்றி, மேனேஜருக்கும் குதிரைக்குமாகச் சேர்த்து மூன்று சுற்று சுற்றினாள். ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். சாலமோன் பழத்தைத் தின்றுவிட்டு ராஜாவைப்போல நடக்க ஆரம்பித்தது. இருபது வருஷம் மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து, ஆலம் சுற்றினால்தான் காரியம் ஆரம்பம் என்று அதன் புத்தியில் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாச் சவாரிக்கும் ஆலம் உண்டு. தாம்பரம் கல்லூரிக்கு வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் அது தனக்காகச் செய்த மரியாதை என்று நினைத்துக் கண் கலங்கினார். நாங்கள் திருத்தவில்லை.

அண்ணன் முன்னால் நடந்தபடியே விளக்கம் சொல்லிக்கொண்டு போவார். எந்தத் தண்ணீர் கண்ணில் பட்டாலும் அதைச் செம்பரம்பாக்கம் ஏரி என்பார். உச்சிப் பாறையில் பூப்போட்ட வெள்ளைத் துணி விரித்திருக்கும். செல்லம்மா மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டி, சுடச்சுட சப்பாத்தியும் கோழிக்குழம்பும் போடுவாள். சூரியன் இறங்கும்போது வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் மேற்கே பார்ப்பார்கள். அண்ணன் மட்டும் பின்னால் தள்ளி நின்றுகொள்வார். மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிடுவேன்.

இதிலெல்லாம் ஒட்டாமல் ஒருவர் இருந்தார் என்றால் அது ஹில்டா அக்காதான். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் தெருவில் நடந்தால் பம்பரம் விடுகிற பையன்கள் பம்பரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவருக்குப் பதினோராவது கட்டளை. அந்தச் சங்கத்தில் வைத்தே யாரோ, "உங்க வீட்டுக்காரர் குதிரை வண்டி ஓட்டறாராமே?" என்று கேட்டுவிட்டார்கள். வண்டி இல்லை என்று மறுக்கலாம்தான். மறுத்தால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்குமே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் பேபியும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது வெடித்தது.

"ஊர் சிரிக்குது. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு கண்டவங்க முன்னால நடக்கறதுக்கா நான் உங்களைக் கட்டிக்கிட்டேன்? அதுவும் என் பூப்போட்ட மேஜைவிரிப்பு மலைமேல கிடக்குதாம்! செல்லம்மா சொல்றா!"

அண்ணன் தட்டையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு தடவை வந்து பாரு ஹில்டா. ஏறி, மேல வந்து, உக்காந்து சாப்பிட்டுப் பாரு. அதுக்கப்புறமும் நீ வேண்டாம்னா, சாலமோனை அரிகிருஷ்ணன்கிட்டயே விட்டுட்டு வந்துடறேன். மறுபேச்சு பேச மாட்டேன்."

பேபி என் காலை மிதித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அக்கா ஒரு நாள் வருவார், வேண்டாம் என்பார், என் தலையிலிருந்து குடம் இறங்கும். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அந்த மனுஷனுக்கு வேறு ஆசை என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை.

அக்கா சம்மதித்தார். ஆனால் பரீட்சை ஹாலில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று யோசிப்பதுபோல யோசித்துத்தான் நாளைக் குறித்தார். சபைப் பொருளாளர் அசரியாவின் மகள் கல்யாணத்தன்று. கோயில் கிழக்குத் தாம்பரத்தில், விருந்து ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபத்தில். சபையில் ஒரு ஈ, காக்கை பாக்கியில்லாமல் அங்கே போயிருக்கும். கடப்பேரித் தெருவில் தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. அக்காவுக்குக் கடுமையான தலைவலி என்று பேபி போய்ச் சொல்லிவிட வேண்டும். அசரியா பேண்டு வாத்தியத்தைப் பாவம் என்று நினைப்பவர். கோயிலிலிருந்து எல்லாரும் சத்தமில்லாமல் காரில் மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. மாப்பிள்ளை வீட்டார் ராயபுரம் என்பதை மட்டும் அதில் சேர்க்க விட்டுப்போயிற்று.

அன்று சாயங்காலம் செல்லம்மா வீட்டுக்கு அக்கா அரக்குப் பட்டுப் புடவையில் வந்தார். நெற்றிவரை இறக்கிப் பிடித்த கறுப்புக் குடை வேறு.

"மலைக்குப் போறதுக்குப் பட்டா அக்கா?" என்றேன்.

"பழைய புடவை. கிழிஞ்சாலும் பரவாயில்லை" என்றார். நான் பேபியின் புருஷன்; புதுப் பட்டு எது, பழைய பட்டு எது என்று எனக்குத் தெரியாதா?

ஸ்டூல் போட்டு ஏற்றினோம். அக்கா ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் சேணத்தையும் ஒரு கையால் குடையையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் கயிற்றை எடுத்தார். சாலமோன் நகரவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விசேஷ நாளென்று செல்லம்மா முன்னாலேயே மேலே போய் அடுப்பு மூட்டிவிட்டாள். ஆலம் சுற்ற ஆள் இல்லை.

அண்ணன் உள்ளே ஓடினார். அகப்பட்ட தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூள் என்று நினைத்து மிளகாய்த்தூளைக் கரைத்துக்கொண்டு வந்தார். சுற்றினார். சாலமோன் தட்டை மோந்து பார்த்து ஒரு தும்மல் போட்டது, அண்ணனின் வெள்ளைச் சட்டை முழுக்க மிளகாய்த் தண்ணீர்.

"என்னங்க நடக்குது அங்க? சீக்கிரம் கிளம்புங்க, யாராவது பார்க்கப்போறாங்க" என்று குடைக்குள்ளிருந்து அதட்டல் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கமிருந்து டிரம் சத்தம் கேட்டது. கூடவே கிளாரினெட். ராயபுரத்துக்காரர்கள் பேண்டு இல்லாமல் பிள்ளையை அனுப்புவார்களா? சாலமோனின் இரண்டு காதும் நிமிர்ந்தன. தன்னை எதற்கு இவ்வளவு நேரம் காக்கவைத்தார்கள் என்பது அதற்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காரியம் அங்கே நடக்கிறது. தான் இங்கே நிற்கிறது.

"ஏய்! ஏய்! சாலமோன்!" என்று அண்ணன் கத்தினார். கயிறு அவர் கையில்தான் இருந்தது. அவரும் அதோடு போனார். நான் அக்கா விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளப் பக்கவாட்டில் ஓடினேன். ஓட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது. அது ஓடவில்லை, கல்யாணத்துக்குப் பிந்திவிட்ட பெரிய மனுஷன் நடக்கிற நடை. தெரு முனையில் திரும்பி, பெட்டிக்கடையைத் தாண்டி, எஸ்.டி.டி. பூத்தைத் தாண்டி, நேராக ஊர்வலத்துக்குள் நுழைந்தது. பேண்டுக்குப் பின்னால், மாப்பிள்ளை பெண் உட்கார்ந்த பூக்காருக்கு முன்னால் சரியாக ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் போய் நின்று, கழுத்தை வளைத்து, டிரம்முக்கு ஏற்ப கால் மாற்றிப் போட்டு ஆட ஆரம்பித்தது.

சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியுமாக முன்னால் ஊதிக்கொண்டு போன அரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தான்.

"டேய், நம்ம சேட்டுடா! சேட்டு வந்துகிச்சிடா!" என்று கூவினான். சந்தோஷத்தில் பாட்டை இன்னும் வேகப்படுத்தினான்.

சபை மொத்தமும் காருக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் சபைக் குருவின் மனைவி ஐயரம்மா, பக்கத்தில் பேபி. அந்த நிமிஷம்தான் பேபி, "அக்காவால தலையைத் தூக்கவே முடியலைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அக்கா குடையை இன்னும் கீழே இறக்கினார். முகம் மறைந்தது, நிஜம்தான். ஆனால் குதிரைமேல் பட்டுப் புடவையும் தலைக்குமேல் குடையுமாகப் போகிற ஒரு பெண்ணைப் பார்க்காமல் யார் வேறெங்கே பார்ப்பார்கள்? மாடியிலெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர், "ஹில்டா டீச்சர்டீ!" என்று கத்தியே விட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், யாருமே தடுக்கவில்லை. பெண் வீட்டார், இது ராயபுரத்து வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார், தாம்பரத்தில் மூத்த சுமங்கலியைக் குதிரையில் ஏற்றி முன்னால் அனுப்புவார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்கள். கேட்டால் சம்பந்தி கோபித்துக்கொள்வாரே என்று இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு வந்தது. அசரியாவின் முகம் மட்டும் வெந்துகொண்டிருந்தது. பேண்டையே விழுங்கியவர், குதிரையையும் சேர்த்து விழுங்கினார்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அத்தை ரத்தினபாய் ஆலத்தட்டோடு நின்றார். எங்கள் சபையில் ஆலம் கிடையாது, ராயபுரத்தில் உண்டாம். சாலமோன் நேராக அவர் முன்னால் போய் நின்று தலையைத் தாழ்த்தியது. அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்தார். மூத்தவருக்கு முதல் மரியாதை என்று முடிவு பண்ணி, குதிரைக்கும் அக்காவுக்குமாக மூன்று சுற்று சுற்றினார். யாரோ பன்னீர் தெளித்தார்கள். யாரோ எட்டி அக்கா கையில் மாலையைக் கொடுத்தார்கள். பேண்டு நின்றது.

ஐயரம்மா கிட்டே வந்து அண்ணாந்து பார்த்தார். "ஹில்டா டீச்சர்? தலைவலின்னு பேபி சொன்னாளே?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேபி என் பின்னால் ஒளிந்தாள். அண்ணனைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. சட்டையெல்லாம் மிளகாய்த் தண்ணீரும் முகமெல்லாம் வியர்வையுமாக நின்ற அவர், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "இறங்கிக்கோ ஹில்டா. என்னை மன்னிச்சிடு. அரிகிருஷ்ணன் இங்கயேதான் இருக்கான். இப்பவே அவன் கையில பிடிச்சுக் குடுத்துடறேன்."

அக்கா குடையை மடக்கினார். மெதுவாக, பொத்தானைக்கூடச் சரியாகப் போட்டு.

"இருந்துச்சுங்க தலைவலி. மேல ஏறினதும் போயிடுச்சு" என்று ஐயரம்மாவிடம் சொன்னார். பூக்காரில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு மாலையை அவள் கையில் கொடுத்து, "நல்லா இரும்மா" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "மலைக்குன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க? இங்க என்ன வேடிக்கை? திருப்புங்க."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஆலம் சுற்றியாகிவிட்டதே, சாலமோனுக்கு என்ன தடை? அதுவாகவே திரும்பி நடந்தது.

நாங்கள் உச்சிக்குப் போனபோது சூரியன் போய்விட்டிருந்தது. மேற்கே ஒரு சிவப்புக் கீற்றுக்கூட இல்லை. செல்லம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார் நீ? சூரியன் இன்னா, டீச்சரம்மாவுக்கோசரம் வெயிட் பண்ணுமா? சப்பாத்தியெல்லாம் வெறச்சிப் போச்சி. ரொம்ப பேஜார் பண்ற சார்!"

அக்கா இறங்கி, தன் பூப்போட்ட மேஜைவிரிப்பின்மேல் உட்கார்ந்தார். அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்குழம்பைத் தொட்டு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டார். அண்ணன் எதிரே உட்காரக்கூட இல்லை. தீர்ப்புக்கு நிற்பவர்போல நின்றார்.

"நல்ல படம் காட்டணும்னு நினைச்சேன். எல்லாம் போச்சு. இனிமே என்ன இருக்கு பார்க்க" என்றார்.

"இத்தனை பேருக்குக் காட்டினீங்களே, வாராவாரம் அதையே பார்த்து உங்களுக்குச் சலிக்கலையா?"

"நான் எங்க பார்த்தேன்?" என்றார் அண்ணன்.

"பின்ன?"

அவர் கிழக்கே கையை நீட்டினார். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள், அதற்கப்பால் மின்சார ரயில், அதற்கும் அப்பால் சிட்லபாக்கத்து விளக்குகள். ஏரி இருக்கிற இடத்தில் இருட்டு.

"அந்த ஏரி ஓரத்துல, கடைசியா ஒரு இடம் கறுப்பா இருக்கு பாரு. அது நம்ம வீடு. எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்கறப்போ நான் இந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருப்பேன். இருட்டறப்போ நீ வாசல் லைட்டைப் போடுவே. அது தெரியும். அதைப் பார்த்ததும்தான் சாப்பாடு போடச் சொல்லுவேன். இன்னிக்கு நீ இங்க இருக்கே, அதான் எரியலை."

செல்லம்மா அடுப்பைக் கிளறுவதை நிறுத்தினாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. சகலைமார் கேட்கக்கூடாத பேச்சு இது. குடத்தைக் கழுவுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஹில்டா டீச்சர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கேட்டதோடு சரி.

"உக்காருங்க. சப்பாத்தி ஆறுது" என்றார்.

அண்ணன் உட்கார்ந்தார்.

"குதிரை இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை சூரியன் இருக்கறப்பவே வந்துடணும். செல்லம்மா, நீ ஆலத்தைச் சுத்திட்டு அப்புறமா மேல வா." என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க வர வேண்டாம். நாங்க ரெண்டு பேர் போதும்."

எத்தனை சனிக்கிழமை நான் வேண்டிக்கொண்ட விடுதலை அது! துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. குடம் சுமந்தது யார், குதிரையைத் தள்ளியது யார்? ஒரு வார்த்தை நன்றி உண்டா? விறுவிறுவென்று இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்து, பேபியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கல்யாணத்துப் பட்டை மடித்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள். வாசல் லைட் விஷயத்தை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள்.

பிறகு புடவையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க ஆபீஸ் ஜன்னல்லேருந்து எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டாள்.

நான் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தேன்.